புறக்கடை மீன்குட்டையில் பிள்ளைகள் கற்பது என்ன?

(தோவாளையில் உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் பயறையும் பற்றிப் பேசுகிற உழவியல்காரர் மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மீன் விளைச்சலைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நம் பக்கத்தில் புறவாசல் என்று சொல்கிறோமே, அந்தப் புறக்கடையில் 12 அடிக்கு 12 அடியில் ஒரு சிறு குட்டையை உங்கள் பிள்ளைகளே வெட்டி, நீர் நிரப்பி, மீன் விட்டு வளர்த்தால் அவர்கள் எதைக் கற்பார்கள் என்பதே இன்றைய பொருள்.

வருமானம் எவ்வளவு என்ற கேள்வி முதலில் வரும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் பெரிதாக வராது. அந்தக் குட்டையில் 10 மீன்களுக்கு மேல் விடுவதற்கில்லை. மண் வெட்டிய கூலியைக் கணக்கில் எழுதினால் நட்டமே மிஞ்சும். பிறகு எதற்கு இந்த வேலை? பள்ளிக்கூடத்தில் பரப்பளவு, கன அளவு, விழுக்காடு, ஒளிச்சேர்க்கை எல்லாம் கற்பிக்கிறார்கள். ஆனால் கணக்குப் பிழையானால் அங்கே ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். குட்டையில் கணக்குப் பிழையானால் மறுநாள் காலை மீன் மிதக்கும். அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்னும் பழக்கம் அங்கேதான் வரும். 1937-ஆம் ஆண்டு வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் கருத்தும் இதுவே. கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே கணக்கும் இயற்கை அறிவும் கற்பிக்கச் சொன்னார். அங்கே இராட்டை, இங்கே குட்டை.

முதலில் வேலி

தாய்மார்கள் சிலர் கவலையோடு பார்ப்பது தெரிகிறது. அந்தக் கவலை நியாயமானது. வீட்டுக்கு வீடு குளம் உள்ள பங்களாதேஷில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்புக்கு நீரில் மூழ்குதல் முதன்மையான காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. பெரும்பாலும் வீட்டருகிலுள்ள நீரில், தாய் வேலையாக இருக்கும் முற்பகல் வேளையில் அது நடக்கிறது. பூக்கட்டும் வீடுகளில் அந்த வேளையில் எல்லாக் கைகளும் நாரிலும் பூவிலும் இருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன்பே வேலி போட்டாக வேண்டும். நான்கு அடி உயரத்துக்கு, குழந்தை ஏற முடியாதபடி வலையோ நெருக்கமான மூங்கில் படலோ கட்டுங்கள். கதவின் கொண்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆழம் 3 அடியைத் தாண்ட வேண்டாம். கரையைச் செங்குத்தாக வெட்டாமல், 3 அடி ஆழத்துக்கு 3 அடி சரிவாக வெட்டினால், தவறி இறங்கியவர் நடந்தே ஏறிவிடலாம். ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றி வேலிக்குள் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். குளமும் சானலும் நிறைந்த ஊரில் இது குட்டை இல்லாவிட்டாலும் செய்யவேண்டிய வேலை. மோட்டாரின் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. வேலி போட மனமில்லாதவர்கள் குட்டையும் வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

மண்ணும் கன அளவும்

இடம் பார்ப்பதில் பாடம் தொடங்குகிறது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, மாலையில் நீர் நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் கீறி வைக்கச் சொல்லுங்கள். காலையில் எத்தனை விரல் குறைந்திருக்கிறது என்று பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். வயற்காட்டை ஒட்டிய களிமண்ணில் கொஞ்சமே குறையும். மேட்டுச் செம்மண்ணில் குழி வறண்டே கிடக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் வயலுக்குத் தொளி அடிப்பதுபோல அடிமண்ணைக் குழைத்து மிதிக்க வேண்டும். அதற்கும் நீர் நிற்காவிட்டால் கனமான பாலித்தீன் விரிப்பு போடவேண்டும். நடவு வயலில் எதற்காகச் சேறு கலக்குகிறோம் என்பதை இத்தனை நாள் பார்த்தும் கேட்காத பிள்ளை, அன்றைக்குத் தானே கேட்கும்.

வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் மண்வெட்டி பையன் கைக்கும் தவிட்டுக் கிண்ணம் பெண் கைக்கும் போய்விடுகிறது. இருவரும் வெட்டட்டும், இருவரும் கணக்கு எழுதட்டும்.

குட்டை எவ்வளவு நீர் பிடிக்கும்? மேலே 12 அடிக்கு 12 அடி, ஆழம் 3 அடி. பாடப்புத்தகக் கணக்கில் 432 கன அடி. ஆனால் கரை சரிவாக இறங்குவதால் அடியில் 6 அடிக்கு 6 அடிதான் இருக்கும். உண்மையான கன அளவு 252 கன அடி. சிறு பிள்ளைக்கு இந்தக் கணக்கு வராது என்றால், நடு மட்டத்தில் 9 அடிக்கு 9 அடி என்று வைத்து 3 அடியால் பெருக்கச் சொல்லுங்கள், 243 வரும், அதுவே போதும். ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆகக் குட்டை பிடிப்பது ஏறக்குறைய 7,000 லிட்டர். பெட்டிக் கணக்குப் போட்டவர் 12,000 லிட்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. 15 லிட்டர் வாளி குழாயடியில் 10 விநாடியில் நிறைகிறது என்றால், குட்டை நிறைய 80 நிமிடம் ஆகவேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளை உட்காரட்டும். கணக்குச் சரியாக வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை அன்று பிடிக்க முடியாது!

நீர் வரும் வழி, போகும் வழி இரண்டும் வேண்டும். பெருமழையில் நிரம்பி வழியும் நீரோடு மீனும் போய்விடும் என்பதால், மறுகாலுக்கு வலை கட்ட வேண்டும். கரை, மடை, மறுகால் என்று நம் ஊர்க் குளத்தில் உள்ள எல்லா உறுப்புகளும் இந்தக் குட்டையிலும் உண்டு. 1897-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து தோவாளைச் சானல் வழியாக வரும் நீர் எங்கெங்கே நின்று, எங்கெங்கே வழிந்து போகிறது என்று அதன்பின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். தன் மறுகாலில் மண் அரித்த பிறகு, குளத்து மறுகாலில் ஏன் கல் பாவியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்காது.

பத்துதானா?

மீன் குஞ்சு வாங்கும் நாளில்தான் தகராறு வரும். பிள்ளை நூறு குஞ்சு கேட்கும். நூறு குஞ்சு ஒரு பையில் அடங்கும், பார்க்கவும் அழகாக இருக்கும், விலையும் பெரிதல்ல. அப்பாவும் சரி என்பார். இந்த இடத்தில் பொறுமையாகக் கணக்குப் போட வையுங்கள். கெண்டை மீன்களை ஒரு எக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை விடலாம். ஒரு எக்டேருக்கு 247 சென்ட். ஆகச் சென்டுக்கு 20 முதல் 40 வரை. நம் குட்டையின் நீர்ப்பரப்பு 144 சதுர அடி, அதாவது ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கு. வருவது 7 முதல் 13 வரை. 10 குஞ்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பத்தையும் பிரிப்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது. கட்லா 4, ரோகு 3, மிர்கால் 3 என்று வாங்குங்கள். விடுவதற்கு முன் ஒவ்வொன்றின் வாயையும் பிள்ளை பார்க்கட்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது நீரின் மேல்மட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி இருக்கும், அது அடிமண்ணில் தேடும். ரோகு நடு மட்டத்துக்கு உரியது. ஒரே குட்டையில் மூன்று மாடி வீடுபோல மூன்றும் வாழும், ஒன்றின் உணவுக்கு மற்றொன்று அவ்வளவாகப் போட்டியில்லை. தென்னைக்குள் வாழையும் மிளகும் வைக்கிற நமக்கு இந்தக் கருத்து புதிதல்ல.

இந்த மீன் முட்டை இடுமா என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். தேங்கிய குட்டையில் இவை இனப்பெருக்கம் செய்வதில்லை. மழைக்கால வெள்ளத்தில் ஓடும் ஆற்றில்தான் செய்யும். ஒரு காலத்தில் ஆறுகளில் வலை போட்டுக் குஞ்சு பிடித்துத்தான் நாடு முழுவதும் குளங்களில் விட்டார்கள். வேண்டாத மீன்களும் அதில் கலந்து வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் பெருங்கெண்டை மீன்களுக்கு ஊசி மூலம் பிட்யூட்டரி சுரப்புநீரைச் செலுத்தி முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நாஞ்சில் நாட்டுக் குட்டைக்கு வரும் கட்லாக் குஞ்சின் பின்னால் அந்தக் கதை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எதைக் கொடுத்தாலும் வளரும் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. மழையில் குட்டையிலிருந்து சானலுக்கும் சானலிலிருந்து குளத்துக்கும் அது போய்விட்டால் நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

தீவனத்திலும் இதே பாடம்தான். தவிடும் பிண்ணாக்கும் சம அளவு கலந்து, மீனின் மொத்த எடையில் நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு கொடுக்க வேண்டும். குஞ்சு ஒன்று 10 கிராம் என்றால் பத்தும் சேர்ந்து 100 கிராம். தீவனம் 3 முதல் 5 கிராம்தான். பிள்ளைக்கோ கை நிறைய அள்ளிப் போடத்தான் ஆசை. கை நிறையப் போட்டால் தின்றது போக மிச்சம் அடியில் அழுகி நீரைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று மீன்களைப் பிடித்து நிறுத்து, சராசரி கண்டு, தீவன அளவை மாற்றி எழுத வேண்டும். மாணிக்கமாலை கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணிக்கையும், பூச்சந்தைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குக் கிராம் கணக்கும் நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. விழுக்காடு மட்டும் சொன்னால் போதும்.

விடியற்காலைப் பாடம்

என் கருத்தில் குட்டையின் சிறந்த பாடம் விடியற்காலையில் இருக்கிறது. நீரில் உள்ள பச்சை நிற நுண்பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடும். இரவில் அதுவும் மீனைப் போலவே மூச்சு விட்டு அதைச் செலவழிக்கும். விடியும் நேரத்தில்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். பசியென்று நினைத்துப் பிள்ளை தீவனம் போட்டால் நிலைமை மோசமாகும். தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்தி, புதுநீர் பாய்ச்சி, வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி நீரைக் கலக்க வேண்டும்.

வேறு ஊரில் ஒரு பிள்ளையை அந்த நேரத்தில் எழுப்புவது பெரும்பாடு. தோவாளையிலோ பிச்சிப்பூப் பறிக்கவும் சந்தைக்குப் போகவும் வீடே எழுந்து விடுகிறது. போகிற போக்கில் குட்டையை ஒரு பார்வை பார்த்து, மேலே வந்தனவா இல்லையா என்று நோட்டில் ஒரு கோடு போட்டால் போதும். பக்கத்தில் இன்னொரு கட்டம் வைத்து, இரவு காற்று அடித்ததா என்றும் எழுதச் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக் காற்று சீறுகிற நாட்களில் நீர் இரவெல்லாம் அலைந்துகொண்டே இருக்கும், காற்றிலுள்ள பிராணவாயு அதில் கரையும். காற்று நின்றுபோன, மேகமூட்டமான நாட்களுக்குப் பின் வரும் விடியலில்தான் மீன் திணறும். இரண்டு மாதம் எழுதினால் இதை நாம் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடிக்கும். அதே காற்று நீரை ஆவியாக்கிக் குட்டையை வற்றவும் வைக்கிறது என்பதை மட்டக்குச்சி சொல்லும். முப்பந்தலில் காற்றாலை சுற்றுவதை நாள்தோறும் பார்க்கிற பிள்ளைக்கு, காற்று தன் மீனுக்கு என்ன செய்கிறது என்பது அன்றுதான் புரியும்.

பாசி அளவோடு இருக்கிறதா என்று அறிய ஒரு கருவி செய்யலாம். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வெள்ளை வண்ணம் பூசி, கனத்துக்கு அடியில் கல் கட்டி, அங்குலக் குறியிட்ட கயிற்றில் நீருக்குள் இறக்குங்கள். ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில் சிரட்டை கண்ணுக்கு மறைந்தால் நீர் நலமாக இருக்கிறது. அரை அடியிலேயே மறைந்தால் பாசி மிகுதி, சாணம் போடுவதை நிறுத்த வேண்டும். இரண்டடி வரை தெரிந்தால் நீர் மெலிந்திருக்கிறது. இத்தாலிய நாட்டுப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த முறைதான் இது. உலகெங்கும் ஏரியிலும் கடலிலும் இன்றும் கையாளுகிறார்கள்.

குட்டையில் தாமரை வைக்கலாமா என்று பெண்பிள்ளைகள் கேட்பார்கள். நம் குளத்துத் தாமரை சந்தைக்கு வருவதைப் பார்த்தவர்கள் அல்லவா! ஒரு மூலையில் சட்டியோடு வைக்கலாம். இலை பரவி வெயிலை மறைத்தால் பாசி வளராது, மீனுக்கு இரையும் இருக்காது.

தெளிக்கும் மருந்து

இனிச் சொல்வது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு. மொட்டுப்புழுவுக்காக நாம் பூந்தோட்டத்தில் தெளிக்கிற சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. ஆயிரம் லிட்டர் நீரில் சில மில்லிகிராம் கலந்தாலே மீன் சாகக்கூடும். காற்றில் பறந்து வரும் சாரலும், தெளிப்பானைக் கழுவி ஊற்றிய நீரும் குட்டைக்கு வந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் குட்டையும், அதைத் தாண்டித் தோட்டமும் இருப்பது நல்லது. தெளிக்கும் நாளில் குட்டையை மூடிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒருநாள் மீன் செத்து மிதந்தால், "அப்பா, நேற்று என்ன மருந்து அடிச்சீங்க? எவ்வளவு கலந்தீங்க?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் நாளையும் பிள்ளையின் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தோட்டத்துப் பூவைக் கையால் தொட்டுக் கட்டுகிறவர்கள் வீட்டில் யார் என்று அதே பிள்ளை அடுத்ததாகக் கேட்கலாம். அதற்கும் பதில் வைத்திருங்கள்.

செத்த மீனுக்குப் பதிலாக இரவோடிரவாக வேறு மீன் வாங்கி விட்டுப் பிள்ளையைத் தேற்றுகிற பழக்கம் நல்லதன்று. ஏன் செத்தது என்று தேடுகிற வேலையை அது பறித்துவிடும். அதேபோலப் பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் நீங்கள் தீவனம் போட்டு உதவ வேண்டாம். இரண்டு கை தீவனம் போட்டால் நோட்டில் உள்ள கணக்கு பொய்யாகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டையில் கால் பங்கு நீரை மொண்டு செடிகளுக்கு ஊற்றலாம். இங்கே உழவியல்காரனுக்குரிய ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரே வயதுள்ள பிச்சிச் செடிகள் எட்டைத் தேர்ந்து, நான்குக்குக் குட்டை நீர், நான்குக்குக் கிணற்று நீர், இரண்டுக்கும் ஒரே அளவு என்று ஊற்றி, பறிக்கும் மொட்டைத் தனித்தனியே நிறுத்து எழுதச் சொல்லுங்கள். எந்தச் செடிக்கு எந்த நீர் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது இரகத்தைப் பழைய இரகத்தோடு ஒப்பிடுவதும் அடிப்படையில் இதே முறைதான். வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

மீன் வளர்ந்தபின் பிடித்துச் சமைப்பதா என்பதைக் குஞ்சு விடும் நாளிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். பெயர் வைத்து வளர்த்த மீனைக் குழம்பு வைக்கும் நாளில் அழுகை வரும். புலால் உண்ணாத வீட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கப்பி மீன் வளர்க்கலாம், கொசுப்புழுவைத் தின்னும். அளவையும் நோட்டும் அதற்கும் உண்டு. மீனை விற்றால் அந்தப் பணம் பிள்ளையுடையது. வீட்டுச் செலவுக்கு வாங்கினால் சந்தை விலை கொடுத்து வாங்குங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. வேலி போட்டு மண் வெட்ட அதுவே தக்க காலம். வெட்டிய அடியில் ஏறக்குறைய 300 கிராம் சுண்ணாம்பைப் பெரியவர் தூவிவிட்டு, ஒரு வாரம் கழித்து இரண்டரைக் கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, ஜூன் மழையில் நீர் பிடியுங்கள். நீர் பச்சை கட்டிய பிறகு, ஜூலைக்குமேல் விரல் நீளக் குஞ்சுகள் கிடைக்கும். நாகர்கோவிலில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், எத்தனை குஞ்சு வேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.